நெட் போகவில்லை

தியாகராய நகர்,
அக்டோபர் 24.

அன்புள்ள அத்தானுக்கு,

ஷண்முகப்ரியா எழுதுகிறேன். மதுவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றும் குறையில்லை. மாமாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மழை தொடங்கியதிலிருந்து அத்தைக்குத்தான் முழங்கால் வலி கூடியிருக்கிறது. ஸ்டுட்கார்ட்டில் இப்போது காலையில் வேலைக்குக் கிளம்பும்போதே இருட்டாக இருக்கும். உங்கள் பழுப்புக் கோட்டின் உள்தையல் பிரிந்திருந்தது, தைக்காமலே வந்துவிட்டேன். யாரிடமாவது கொடுத்துத் தைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. போனில் சொன்னால் என்ன என்று நினைப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் அழைப்பு ஹாலில் இருக்கும் பெரிய டிவியில்தான் வருகிறது. அப்போது சோபாவில் மாமா இருப்பார், கடை மேனேஜர் இருப்பார், ஊரிலிருந்து வந்த யாராவது இருப்பார்கள். நான் பின்னால் நின்று சாப்பிட்டீர்களா என்று கேட்பேன், நீங்கள் சாப்பிட்டேன் என்பீர்கள். என் போனிலிருந்து கூப்பிட்டால், சடங்கு முடிந்த நாளிலிருந்து நீங்கள் எடுப்பதே இல்லை. தீபாவளியன்று எல்லோரிடமும் பேசினீர்கள். டிரைவர் டில்லிபாபுவிடம்கூட வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டீர்கள். மது புதுச் சட்டையோடு சோபாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவளைப் பார்த்தீர்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தப் பக்கம் பார்வையைத் திருப்பாமலே பேசினீர்கள்.

அதனால்தான் தாளில் எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்த விஷயங்களையும் எழுதப் போகிறேன். நாம் இரண்டு பேரும் நடந்ததை ஒரே மாதிரிதான் நினைவில் வைத்திருக்கிறோமா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

மது பெரியவளானது இந்த ஜனவரியில், பனி கொட்டிய ஒரு சனிக்கிழமை. அவள் பயப்படவில்லை. பள்ளியில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். நானும் அவளும் கடைத்தெருவுக்குப் போய் வேண்டியதை வாங்கிக்கொண்டு, சூடாகச் சாக்லேட் பால் குடித்துவிட்டு வந்தோம். இரவு உங்களிடம் சொன்னேன். அவள் தலையில் கை வைத்துத் தடவிவிட்டுப் போனீர்கள். மறுநாள் காலை நாங்கள் எழுவதற்கு முன்பே வெளியே போய், அவளுக்குப் பிடித்த வெண்ணெய் ரொட்டி வாங்கி வந்து மேசையில் வைத்திருந்தீர்கள். அப்பாவுக்குத் தெரிஞ்சிடுச்சா என்று என்னிடம் கேட்டுச் சிரித்தாள். அன்று இருந்த அவள் அப்பாவை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

பிறகு மார்ச்சில் பெற்றோர் கூட்டம் வந்தது. பையன்களையும் பெண்களையும் சேர்த்து உட்கார வைத்து உடம்பைப் பற்றிப் பாடம் நடத்துவோம் என்று அந்த டீச்சர் சொன்னபோது, உங்கள் காது சிவந்துபோனதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில், இந்த ஊர் பெண்பிள்ளைக்கு ஆகாது, வெட்கம் என்பதே இல்லாமல் வளருவாள் என்றீர்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மே மாதக் கடைசியில் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு என்று மூன்று பேரும் சென்னைக்கு வந்தோம். நீங்கள் திரும்பிப் போவதற்கு முந்தின நாள்தான், மதுவுக்கு அடையாற்றில் பள்ளியில் இடம் வாங்கியாகிவிட்டது, ஒரு வருஷம் இருங்கள், நம் கலாச்சாரம் தெரியட்டும் என்று சொன்னீர்கள். எங்கள் பாஸ்போர்ட்டுகளை மாமா பத்திரமாக வைத்திருக்கட்டும் என்று அவர் கையில் கொடுத்தீர்கள்.

இந்த ஊரை நான் குறை சொல்லவில்லை, அத்தான். மது இப்போது தமிழ் வாசிக்கிறாள். காரில் போகும்போது கடைப் பலகை ஒன்று விடாமல் சத்தமாகப் படிக்கிறாள். அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது அத்தை ராத்திரி முழுக்கத் தூங்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பத்துப் போட்டார்கள். அங்கே எனக்கு நிமோனியா வந்தபோது பக்கத்து வீட்டுக் கதவு ஒரு தடவைகூடத் திறக்கவில்லை, நீங்கள் ஒருவர்தான் லீவு போட்டு இருந்தீர்கள். அதையெல்லாம் மறந்துவிட்டு எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள்.

ஆனால் சடங்கு விஷயம் வேறு. எல்லாம் முடிந்து அரை வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது என்று அத்தையிடம் நான் சொல்லியிருக்கக் கூடாது போலிருக்கிறது. அதனால் என்ன, ஊருக்கு இன்னும் தெரியாதே என்றார் மாமா. ஆவணியில் முகூர்த்தம் பார்த்தார்கள். மது வேண்டாம் என்றாள். முதலில் தமிழில் சொன்னாள், பிறகு இங்கிலீஷில் சொன்னாள், அழுதுகொண்டும் சொன்னாள். மாமா கோபப்படவில்லை, சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"பாத்தியாம்மா, அந்த ஊரு எப்படிப் பிள்ளைய மாத்தி வச்சிருக்குன்னு? வேண்டாம்னு சொல்லுதது நம்ம பழக்கமா? அது வெள்ளைக்காரன் பழக்கம்லா."

அந்த வெள்ளைக்காரன் பழக்கத்தை மறக்கடிக்கத்தான் எல்லாம் நடந்தது. அழைப்பிதழ் வீடியோவாகப் போனது. அதில் ஒரு தாமரை விரிய, உள்ளேயிருந்து மது வருவாள். மண்டபத்தில் புகை விடும் இயந்திரம் வைத்திருந்தார்கள். தலைக்கு மேல் டிரோன் சுற்றியது. கோவில்பட்டியிலிருந்து என் அண்ணன் மாமன் சீர்த் தட்டுகளோடு வந்தபோது, வீடியோக்காரர் அவனை வாசலிலேயே நிறுத்தி, சரியாக விழவில்லை என்று மறுபடி மறுபடி நடக்கவிட்டார். அண்ணன் வியர்த்துக்கொண்டே நடந்தான். பிறகு ஐந்தடுக்குக் கேக் வந்தது. மது அதை வெட்ட, எல்லோரும் இங்கிலீஷில் பாட்டுப் பாடினார்கள். இதில் எது நம்முடையது, எது வெள்ளைக்காரனுடையது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

மண்டபத்து வாசலிலும் நம் ஜவுளிக்கடை முகப்பிலும் அவள் படம் போட்ட பேனர் கட்டியிருந்தார்கள். பெயர், வயசு, 'பூப்பெய்திய எங்கள் வீட்டு மகாலட்சுமி' என்று கொட்டை எழுத்து. பள்ளி வேன் அந்த வழியாகத்தான் வரும். கூட வந்த பிள்ளைகள் போனில் படம் எடுத்திருக்கிறார்கள். அன்று வீட்டுக்கு வந்தவள், அந்த வார்த்தைக்கு என்னம்மா அர்த்தம் என்று கேட்டாள். தமிழ் வாசிக்கக் கற்றுக்கொண்டு அவள் என்னிடம் அர்த்தம் கேட்ட முதல் வார்த்தை அதுதான். ஒரு வகுப்பறைக்குள் பொதுவாகச் சொன்னதற்கே உங்கள் காது சிவந்தது. இந்தப் பேனரின் படம் உங்களுக்கும் வந்தது. நீங்கள் கைகூப்பும் படம் ஒன்று பதிலுக்கு அனுப்பினீர்கள்.

இனி எழுதப் போவதை நீங்களும் பார்த்தீர்கள். ஆனால் திரையில் இருந்து பார்த்தீர்கள். நான் மேடைக்குக் கீழே இருந்து பார்த்தேன்.

மேடைக்குப் பின்னால் இருந்த எல்.இ.டி. திரையில் நீங்கள் வந்தீர்கள். நம் வீட்டுச் சமையலறைச் சுவர்தான் பின்னால் தெரிந்தது. உங்கள் முகம் ஒரு வீட்டு உயரம் இருந்தது. மது அதற்கு முன்னால் அத்தனை நகையோடு, ஒரு மிட்டாய் அளவுக்குத் தெரிந்தாள். அப்பாவுக்கு நன்றி சொல்லும்மா என்று மாமா மைக்கை அவள் கையில் கொடுத்தார். அவள் திரும்பி உங்களை அண்ணாந்து பார்த்தாள். அப்புறம் ஜெர்மனில் பேசினாள். நிதானமாக, பள்ளியில் பாடம் ஒப்பிப்பதுபோல் பேசினாள்.

"அப்பா, இந்த வீடியோவை நாளைக்கு உங்க ஆபீஸ்ல யாருக்காவது காட்டுவீங்களா? காட்டுவீங்கன்னா சொல்லுங்க, நான் சிரிக்கிறேன். காட்ட மாட்டீங்கன்னா, என்னை இங்கேருந்து கூட்டிக்கிட்டுப் போங்க."

அத்தனை கூட்டத்தில் அது நம் மூன்று பேருக்குத்தான் புரிந்தது. மற்றவர்கள் கை தட்டினார்கள். என் பக்கத்தில் இருந்த உங்கள் பெரியம்மா, ஜெர்மன்காரி கணக்கா என்னமா பேசுதா பாரு என்று பூரித்துப்போனார்கள். நீங்கள் வாயைத் திறந்தீர்கள். எதையோ தேடுவதுபோல் கீழே பார்த்தீர்கள். உங்கள் தோள் கொஞ்சம் முன்னால் வந்தது, அவ்வளவுதான், திரை கறுத்துவிட்டது.

நெட் போயிருச்சு, நெட் போயிருச்சு என்று எல்லோரும் சொன்னார்கள். அடுத்த நிமிஷம் அந்தத் திரையில் கடை விளம்பரத்தைப் போட்டார்கள். நெட் போகவில்லை, அத்தான். ஒரு பொத்தானை அழுத்தப் போகும்போது உங்கள் தோள் எப்படி அசையும் என்று எனக்குத் தெரியும். மதுவுக்கும் தெரியும்.

நான் இதைக் கோபத்தில் எழுதவில்லை. முதலில் கோபம் வந்தது, இப்போது இல்லை. உங்களுக்கு வெட்கமாக இருந்தது என்று புரிந்துகொண்டேன். அங்கே இருக்கும்போது இங்குள்ளதைச் சொல்ல வெட்கம், இங்கே வரும்போது அங்குள்ளதைச் சொல்ல வெட்கம். நான் டிராம் ஓட்டினேன் என்பதை நீங்கள் உங்கள் வீட்டில் சொல்லவே இல்லை. பரீட்சையில் தேறிய அன்று முன் இருக்கையில் உட்கார்ந்து கடைசி நிறுத்தம் வரை என்னோடு வந்தவர் நீங்கள். இறங்கும்போது மற்ற பயணிகளிடம், இவள் என் மனைவி என்று சொன்னீர்கள். உங்கள் அப்பாவிடம் மட்டும் கம்ப்யூட்டர் ஆபீஸ் என்று சொல்லிவைத்தீர்கள். இந்த இரண்டையும் தூக்கிக்கொண்டு இத்தனை வருஷம் எப்படி நடந்தீர்களோ. இப்போது அதை மதுவின் தலையில் ஏற்றியிருக்கிறோம்.

சடங்குக்குப் பிறகு வீட்டுச் சட்டம் மாறியிருக்கிறது. அடையாற்றில் நீச்சல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாளே, அதை நிறுத்திவிட்டார்கள். டில்லிபாபுவோடு தனியாகப் போகக் கூடாது, நான் கூட இருக்க வேண்டும். நான் ஸ்கூட்டர் எடுக்கக் கூடாது, அதுதான் கார் இருக்கிறதே என்கிறார்கள். அந்த வீடியோவை வெட்டி, தாவணி விளம்பரமாகக் கடையின் எல்லா மாடியிலும் ஓட விடுகிறார்கள். லிஃப்டுக்குக் காத்திருப்பவர்கள் அதைப் பார்த்துவிட்டு அவளைத் திரும்பிப் பார்க்கிறார்கள். எடுத்துவிடுங்கள் மாமா என்று கேட்டேன். தாத்தா கடைக்குப் பேத்தி விளம்பரம் பண்ணக் கூடாதா என்று கேட்டார். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. அவர் கெட்டவர் இல்லை. அவரோடு சண்டை போடவும் முடியவில்லை, அதுதான் மூச்சு முட்டுகிறது.

மதுவைப் பற்றித்தான் பெரிய கவலை. அழுகிறாள் என்றால்கூட எனக்கு இவ்வளவு பயம் வராது. அவள் எல்லாவற்றுக்கும் சரி என்கிறாள். பொங்கல் விளம்பரத்துக்குக் கார்த்திகையில் படம் எடுக்க வேண்டும் என்று மாமா சொன்னார். சரி தாத்தா என்றாள். முடி வெட்டக் கூடாது என்றார்கள், சரி. என்னோடு இருக்கும்போது முன்பெல்லாம் ஜெர்மனில்தான் வம்பு பேசுவாள். அந்த நாளுக்குப் பிறகு ஒரு வார்த்தைகூட அந்த மொழியில் பேசவில்லை. ஏன்டி என்று கேட்டால், யாருக்குப் புரியும் என்கிறாள்.

போன வாரம் கபாலி கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு மயிலாப்பூரில் ஒரு வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தேன். மஹதி என்று பெயர், என்னோடு கல்லூரியில் படித்தவள். பாஸ்போர்ட்டுக்காக வழக்கு என்று போனால் நாள் பிடிக்கும், அதற்குள் உன் ஆறு மாதம் முடிந்துவிடும் என்றாள். ஆறு மாதம் வெளியே இருந்தால் அந்த நாட்டில் எனக்குள்ள வசிப்புரிமை போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்களும் மதுவும் அந்த நாட்டுப் பிரஜைகள், உங்களுக்கு அந்தக் கணக்கு இல்லை. எனக்கு நவம்பர் கடைசியோடு முடிகிறது. ஒரு வருஷம் இருங்கள் என்று சொன்னபோது இது உங்கள் நினைவில் இருந்ததா என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டு, நீங்கள் பதில் சொல்லிவிட்டால், அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

வெளியே வந்தால் டில்லிபாபு காரைத் தெருமுனையிலேயே நிறுத்தியிருந்தார். லஸ் முனை தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க மேடம். எங்க போனீங்கன்னு பெரியவரு கேட்டா நான் சொல்லித்தான் ஆவணும். நான் சொல்லலன்னாலும் வண்டில மேப்பு கீது, அவரு கடையில குந்திக்கினே பாத்துக்கினு தான் கீறாரு."

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது மாமா கேட்டார். நான் மறைக்கவில்லை. பாஸ்போர்ட்டைத் தாருங்கள், ஊருக்குப் போகிறோம் என்றேன். எம்மவன் கதிரேசன் சொல்லட்டும், தாரேன் என்றார். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து பொறுமையாகப் பேசினார்.

"இது மாடர்ன் வீடும்மா. உன்னைய சுடிதார் போடக் கூடாதுன்னோமா, வேலைக்குப் போனதக் குத்தம் சொன்னோமா? மாடர்னா இருங்க, யாரு வேண்டாம்னா? வெள்ளைக்காரியா மட்டும் ஆயிராதீங்க."

ரெண்டுக்கும் நடுவில் கோடு எங்கே இருக்கிறது மாமா என்று கேட்டேன். கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"அது நாங்க சொல்லும்போது தெரியும்," என்றார்.

அப்போதுதான் சொல்லிவிட்டேன், அத்தான். கம்ப்யூட்டர் ஆபீஸ் இல்லை, நான் டிராம் ஓட்டினேன் என்று. நீங்கள் சொல்லக் கூடாது என்றதைத்தான் சொன்னேன், மன்னியுங்கள். நல்ல வேளை, கடைக்காரங்க யாருக்கும் தெரியாது என்று மட்டும் சொல்லிவிட்டு மாமா எழுந்து போனார். மது என்னை நிமிர்ந்து பார்த்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் என் முகத்தை நேராகப் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் எல்லோரும் கடைக்குப் போன பிறகு அத்தை சமையலறைக்கு வந்தார்கள்.

"ஏளா, நெசமாவா ஓட்டுன? ஆம்பளையளும் ஏறுவாவளா?"

ஏறுவார்கள் என்றேன். நின்று போகும் ஆட்களையும் சேர்த்தால் ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் இருக்கும் என்றேன். அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். மழையில் வழுக்காதா, பிரேக் எங்கே இருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். பிறகு சிரிப்பு அடங்கி, கீரையைக் கிள்ளிக்கொண்டே தன் கதையைச் சொன்னார்கள். அவர்கள் பெரியவளானபோது மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் ஓலை மறைப்பில் உட்கார வைத்தார்களாம். "என்னைய இருட்டுல உக்கார வச்சாவ. இவள வெளிச்சத்துல உக்கார வச்சிருக்கோம். ரெண்டு பேரையும் யாரும் கேக்கல," என்றார்கள். அதை அழுதுகொண்டு சொல்லவில்லை, கீரை விலை சொல்வதுபோல் சொன்னார்கள். அவர்கள்தானே அந்தத் தாவணியைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று எனக்கு ஒரு நிமிஷம் ஆத்திரம்கூட வந்தது.

அப்புறம் ஒன்று சொன்னார்கள். அதை உங்களுக்குத் தெரிவிக்கத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். பாஸ்போர்ட்டுகள் நான் நினைத்ததுபோல் கடை லாக்கரில் இல்லையாம். அத்தையின் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில்தான் இருக்கிறதாம். சாவி அவர்கள் இடுப்பில் இருக்கிறது. நான் கை நீட்டினேன். தர மாட்டேன் என்றார்கள்.

"நானா எடுத்துத் தந்தா, கடைசி வரைக்கும் இந்த வீட்டுல நான் பேச்சு வாங்கணும். எம்மவன் ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லட்டும். ஒங்க மாமாகிட்டக் கேக்காமலே எடுத்துத் தாரேன். அவுக கத்துனா, மவன் கேட்டான், குடுத்தேம்பேன்."

ஆக, அத்தான், நான் உங்கள் அப்பாவோடு உங்களைச் சண்டை போடச் சொல்லவில்லை. டிவியில் எல்லோர் முன்னாலும் வந்து எதுவும் சொல்ல வேண்டாம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மாமா கடைக்குத் திரும்பிப் போய்விடுவார். அத்தை கட்டிலில் காலை நீட்டித் தைலம் தேய்த்துக்கொண்டு தனியாக இருப்பார்கள். உங்களுக்கு அது காலை நேரம். அவர்கள் போனுக்குக் கூப்பிடுங்கள். விளக்கம் எதுவும் வேண்டாம். கொடுத்துவிடும்மா என்றால் போதும். ஸ்டுட்கார்ட்டுக்கு வந்த பிறகு மது அங்கே எப்படி வளர வேண்டும் என்று நாம் மூன்று பேரும் உட்கார்ந்து பேசலாம். நீங்கள் பயப்படுவது எல்லாமே தப்பு என்று நான் சொல்லவில்லை. அவளையும் வைத்துக்கொண்டு பேசலாம் என்றுதான் சொல்கிறேன்.

இந்தக் கடிதம் உங்களை வந்து சேர எத்தனை நாள் ஆகுமோ தெரியாது. தபால் அலுவலகத்துக்கு நடந்தே போய் என் கையாலேயே போடுகிறேன்.

அத்தையிடம் பேசிய பிறகு போனை மதுவிடம் கொடுக்கச் சொல்லுங்கள். என்ன பேசுவது என்று தயாரித்துக்கொள்ள வேண்டாம். தமிழில் பேசினாலும் சரி, ஜெர்மனில் பேசினாலும் சரி. அவள் பதிலே சொல்லாமல் சும்மா இருப்பாள், அநேகமாக ரொம்ப நேரம் இருப்பாள். அப்போது மட்டும் வைத்துவிடாதீர்கள்.

உங்கள்,
ஷண்முகப்ரியா